பாலத்துக்கு இந்தப் பக்கம்

எனக்குப் பத்து வயது மூத்தது இந்த விளையாட்டு.
பெருமாள்மலை பழைய சாமான் கடையில்
டியூப் டிவியோடு சேர்த்து எண்ணூறு ரூபாய்.
நானும் ஜெனிஷாவும் மாற்றி மாற்றி
மடியில் வைத்துக்கொண்டு வந்தும்
டிவிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்
மன்னவனூர் பஸ் கண்டக்டர்.

சந்தனராஜ் மாமாதான் முதலில் ஆடினார்.
வத்தலக்குண்டில் பள்ளிக்கூடம் கட் அடித்து
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய
அதே ஆட்டமாம்.
பெயர் வரும்போதே கண் கலங்கிவிட்டது.
நாலு நிமிஷம்.
"இவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?" என்று
கட்டையை என் கையில் திணித்துவிட்டு
கேரட் மூட்டை தைக்கப் போய்விட்டார்.
இருபத்தைந்து வருஷமாக அவருக்குள்
அது வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.
வந்து பார்த்தால் கையகலம்.

எனக்குச் சுருங்க எதுவும் இல்லை.
நான் இப்போதுதான் வருகிறேன்.

அதற்குள் எப்போதும் பனிமூட்டம்.
தூரத்து மரங்களை வரையத் தெம்பில்லாத இயந்திரம்
வெள்ளை பூசி மறைத்துவிடும்.
பத்தடி நடந்தால் ஒரு மரம் முளைக்கும்,
இன்னும் பத்தடிக்கு ஒரு வேலி,
பிறகு விளக்கோடு ஓர் ஆள்.
குறை என்கிறார்கள் இதை.
ஐப்பசியில் எங்கள் ஊரில்
பால் வாங்கப் போயிருக்கிறார்களா அவர்கள்?
முகத்தில் இடித்த பிறகுதான் அது பைன் மரம்.
அதுவரை
எங்கேயோ செம்மறிகள் கத்துவது மட்டும்.

அங்கே இருப்பவர்களுக்குக் கண் என்றால் இரண்டு புள்ளி.
வாயே கிடையாது.
"என் மகன் ஆற்றைத் தாண்டிப் போனான்"
என்று எழுத்தில் சொல்லிவிட்டு நிற்பாள் ஒருத்தி.
அழுகிறாளா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.
சில நாள் அழுவாள்.
பரீட்சை முடிந்த அன்று அழவில்லை.

போனில் இருக்கும் ஆட்டமோ
டவர் நிற்காத ஊரில் இரண்டு ஜிபி கேட்கும்.
மூன்று நாள் போகாவிட்டால்
"உன்னைத் தேடுகிறோம்" என்று சேதி அனுப்பும்,
வட்டிக்காரர் மாதிரி.
இது தேடாது.
செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து வா;
விளம்பரம் பார்த்து உயிர் வாங்க முடியாது.
நான் பிறக்கும் முன்பே செய்து முடித்து
கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.
நாளைக்கு வந்து யாரும்
ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட மாட்டார்கள்.

தீக்குச்சியால் தூசி நோண்டும்போது
ஜெனிஷாவுக்குத்தான் அகப்பட்டது மெமரி கார்டு.
அதில் ஏற்கெனவே ஒருத்தி குடியிருந்தாள்.
பெயர் கேட்ட இடத்தில்
இங்கிலீஷ் எழுத்து நான்கில் அக்கா என்று அடித்திருந்தாள்.
யாருடைய அக்காவோ.
நாற்பத்தோரு மணி நேரம் ஆடியிருக்கிறாள்.
திறக்காத பெட்டி ஒன்று பாக்கியில்லை.
பையில் தொண்ணூற்றொன்பது பச்சிலை,
அதற்கு மேல் பை வாங்காது.
ஒன்றைக்கூடத் தொடவில்லை,
பெரிய சண்டைக்கு ஆகும் என்று.
பெரிய சண்டை பாலத்துக்கு அந்தப் பக்கம்.
அவள் இந்தப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

கரண்ட் போயிருக்கும் என்றேன்.
கல்யாணம் ஆகியிருக்கும் என்றாள் ஜெனிஷா.
கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டோம்:
தண்ணீர் ஓடும் சத்தம், ஆறே ஆறு சுரத்தில்,
திரும்பத் திரும்ப.
பிடித்திருக்கும் அந்த இடம். அவ்வளவுதான்.

இன்றைக்கும் மழை. பூண்டு காயவில்லை.
கார்டில் வேறு இடம் கிடையாது;
எங்கள் பெயரைப் போட அவளை அழிக்க வேண்டும்.
அழிக்கவில்லை.
ஜெனிஷா ஒரு பச்சிலையை எடுத்துக் கொடுத்தாள்,
காயமே படாத அந்த அக்காவுக்கு.
"ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதிக் காட்டியது.
தொண்ணூற்றெட்டு.

பாலத்தில் கால் வைத்தேன்.
எதிரே இன்னும் எதுவும் வரையப்படவில்லை.